டர்ஹாம்: புகையிலைக் காசில் முளைத்த பயோடெக் ஊர்

கேள்வி இதுதான்: "கணவருக்கு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வேலை. டர்ஹாம் பக்கம் குடிவரப் போகிறோம். அது பெரிய பயோடெக் ஊர் என்கிறார்கள். நான் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்துவிட்டு நாலைந்து வருஷமாக வீட்டில் இருக்கிறேன். பிஎச்.டி. இல்லாத எனக்கு அங்கே வழி உண்டா? ஊர் எப்படி இருக்கும்? டவுன்டவுனில், அதாவது ஊரின் மையத்தில், புதுசு புதுசாக உணவகங்கள் வருகின்றன என்றும் சொல்கிறார்களே?"

வழி தாராளமாக உண்டு. பாஸ்டனோடும் சான் பிரான்சிஸ்கோவோடும் டர்ஹாமைச் சேர்த்துப் பேசும்போது பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று: அந்த ஊர்களின் பெயர் மருந்தைக் கண்டுபிடிப்பவர்களால் வந்தது. இங்கே கண்டுபிடிப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் மருந்தை லிட்டர் கணக்கில், குப்பிக் கணக்கில் செய்து அனுப்புகிற கூட்டம் அதைவிடப் பெரியது. அந்தக் கூட்டத்தில் பிஎச்.டி. வைத்திருப்பவர்கள் சிறுபான்மை. இந்தப் பக்கத்து மருந்து ஆலைகளில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். என்னோடு ஒரே ஷிப்டில் நின்றவர்களில் முன்னாள் ராணுவத்தினர், கோழிப்பண்ணையில் இருந்து வந்தவர்கள், பள்ளி ஆசிரியர் வேலையை விட்டு வந்தவர்கள் எல்லாரும் உண்டு. இது தானாக அமைந்ததில்லை. ஒரு மாநிலம் திட்டம் போட்டுச் செய்தது. அதைச் சொல்ல ஊரின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

டர்ஹாம் சிகரெட்டால் பிழைத்த ஊர். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்து, கையில் காசில்லாமல் வீடு திரும்பிய வாஷிங்டன் டியூக் என்ற விவசாயி புகையிலை வியாபாரத்தில் இறங்கினார். அவர் மகன் ஜேம்ஸ் டியூக் 1880-களில் சிகரெட் சுருட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து போட்டார். 1890-இல் போட்டிக் கம்பெனிகளைச் சேர்த்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஆக்கினார். 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது ஏகபோகம் என்று சொல்லி அதை உடைத்தது. டியூக் பல்கலைக்கழகம், அதை ஒட்டிய பெரிய மருத்துவமனை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்தக் குடும்பத்துப் பணம்தான். நுரையீரலைக் கெடுத்த காசில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்த ஊர் இது. அதை இங்கே யாரும் மறைப்பதில்லை.

டர்ஹாமில் இருந்த அமெரிக்கன் டொபாக்கோ ஆலை 1987-இல் மூடியது. டவுன்டவுன் காலியானது. அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் மெயின் ஸ்ட்ரீட்டில் ஆளே இருக்க மாட்டார்களாம். அதே வருஷம் மார்ச் மாதம், ஊருக்குத் தெற்கே பைன் காட்டுக்குள் இருந்த ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. பரோஸ் வெல்கம் கம்பெனியின் ஏ.இசட்.டி. என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. எய்ட்ஸுக்கு அமெரிக்கா அனுமதித்த முதல் மருந்து அதுதான். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் மறு வருஷமே மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். எலியனுக்கு பிஎச்.டி. கிடையாது. எம்.எஸ்சி.யோடு நிற்கிறோமே என்று நீங்கள் தயங்குவதால் இதைச் சொல்கிறேன்.

பார்க்கை எல்லாரும் ஆர்.டி.பி. என்பார்கள். 1959-இல் தொடங்கியது, சுமார் 7,000 ஏக்கர். டர்ஹாமில் டியூக், சேப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகம், ராலேயில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம்: இந்த மூன்றுக்கும் நடுவில் இருப்பதால்தான் டிரையாங்கிள் என்று பெயர். படித்த பிள்ளைகள் எல்லாரும் வடக்கே போய்விடுகிறார்கள், ஊரில் மிச்சமிருப்பது புகையிலை, துணி ஆலை, மரச்சாமான் பட்டறைதான் என்ற கவலையில் போட்ட திட்டம் அது. அங்கிருந்த ரிசர்ச் டிரையாங்கிள் இன்ஸ்டிட்யூட்டில்தான் மன்ரோ வாலும், மகாராஷ்டிராவின் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வாணியும் சேர்ந்து டாக்ஸால் மூலக்கூறைப் பிரித்தெடுத்தார்கள். பசிபிக் யூ மரத்தின் பட்டையில் இருந்தது அது. 1971-இல் அமைப்பை வெளியிட்டார்கள், 1992-இல் கருப்பைப் பக்கத்துச் சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. நம் ஊர்களில் கீமோ எடுத்துக்கொண்ட எத்தனையோ பெண்களின் உடம்புக்குள் போன மருந்து. வாணி பெயரை இந்தியாவில் எவ்வளவு பேருக்குத் தெரியும்? எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1998-இல் அமெரிக்காவின் 46 மாநிலங்கள் சிகரெட் கம்பெனிகளோடு ஒரு பெரிய உடன்பாடு செய்தன. புகைத்து நோயாளி ஆனவர்களுக்கு மாநிலங்கள் செய்த மருத்துவச் செலவுக்கு ஈடாகக் கம்பெனிகள் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். பல மாநிலங்களில் அந்தப் பணம் பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் போய்ச் சேர்ந்தது. வட கரோலினா தன் பங்கில் பாதியை எடுத்து, 1999-இல் கோல்டன் லீஃப் என்ற அறக்கட்டளையை ஆரம்பித்தது. புகையிலையை நம்பியிருந்த ஊர்களுக்கு மாற்றுப் பிழைப்பு உண்டாக்க வேண்டும், இதுதான் அதன் வேலை. அந்த அறக்கட்டளை சில வருஷங்களில் சுமார் 6 கோடி டாலரை ஒரே காரியத்துக்கு ஒதுக்கியது: உயிரியல் மருந்து உற்பத்திக்கு ஆட்களைப் பழக்குவது. அறிவியல் ஆராய்ச்சிக்கு அல்ல, கம்பெனிகளுக்கு வரிச் சலுகைக்கும் அல்ல. ஆட்களைப் பழக்குவதற்கு. என்னைக் கேட்டால் இந்த மாநிலம் எடுத்த முடிவுகளிலேயே புத்திசாலித்தனமான முடிவு இது.

அந்தப் பணத்தில் மூன்று அடுக்காக வேலை நடந்தது. மேலே, ராலேயில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீடெக் என்ற மையம், 2007-இல் திறந்தது. உள்ளே போனால் அது வகுப்பறை மாதிரியே இருக்காது. செல்களை வளர்க்கும், நூற்றுக்கணக்கான லிட்டர் கொள்ளளவுள்ள பயோரியாக்டர் தொட்டி, சுத்திகரிப்புக் கருவிகள், தூசியும் கிருமியும் நுழையாத உண்மையான கிளீன் ரூம் என்று ஒரு சின்ன ஆலையே அது. விற்பனைக்கு மருந்து செய்யாத ஆலை. நடுவில், டர்ஹாமிலேயே உள்ள வட கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகத்தின் பிரைட் என்ற நிறுவனம். 1910-இல் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. கீழே, உண்மையில் எல்லாவற்றையும் தாங்குகிற அடுக்கு, கம்யூனிட்டி காலேஜ். மாநிலம் முழுக்க 58 இருக்கின்றன. டர்ஹாம் டெக் அதில் ஒன்று, 1961-இல் தொழிற்பயிற்சி மையமாகத் தொடங்கியது.

கம்யூனிட்டி காலேஜை நம் ஊர்ப் பாலிடெக்னிக் என்று வைத்துக்கொண்டால் பாதிதான் சரி. வயது வரம்பு இல்லை, 50 வயதுக்காரரும் 18 வயதுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே பயோவொர்க் என்று ஒரு படிப்பு நடக்கிறது. ஒரு செமஸ்டரில் முடிந்துவிடும், சாயங்கால வகுப்பும் உண்டு, செலவு சில நூறு டாலருக்குள். பள்ளிப் படிப்பு முடித்திருந்தால் போதும். முடித்தால் ப்ராசஸ் டெக்னீஷியன், அதாவது ஆலையில் மருந்து செய்யும் கருவிகளை இயக்குபவர், வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தப் படிப்பின் பாடத்தை ஆலைக்காரர்களோடு உட்கார்ந்து பேசித்தான் எழுதினார்கள். அதனால் இங்கே நேர்முகத் தேர்வில் "பயோவொர்க் முடித்திருக்கிறேன்" என்றால், எதிரில் இருப்பவருக்கு உங்களுக்கு என்ன தெரியும் என்ன தெரியாது என்பது உடனே புரியும்.

எம்.எஸ்சி. படித்தவள் பள்ளிக்கூட அளவுப் படிப்பில் போய் உட்காருவதா என்று உங்களுக்குத் தோன்றலாம். பலருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் நம் கல்லூரிகள் சொல்லித் தருவது டி.என்.ஏ.வும் பி.சி.ஆரும். ஆலைக்கு வேண்டியது வேறு. அதைக் கொஞ்சம் கிட்டத்திலிருந்து காட்டுகிறேன்.

ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) மருந்து செய்கிற ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாம்ஸ்டர் என்ற சிறு எலியினத்தின் சூலகத்திலிருந்து எடுத்து, பல தலைமுறையாக வளர்த்துவரும் செல்களுக்குள் மருந்துக்கான ஜீன் இருக்கும். உறைநிலையில் வைத்திருக்கும் ஒரு சின்னக் குப்பியில் தொடங்கி, பிளாஸ்க், சின்னத் தொட்டி, பெரிய தொட்டி என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக்கொண்டே போவார்கள். கடைசியில் 2,000 லிட்டரோ, ஸ்டீல் தொட்டியாக இருந்தால் 10,000 லிட்டருக்கு மேலோ போகும். 37 டிகிரி வெப்பம், பி.எச். 7-ஐ ஒட்டி, ஆக்சிஜன் அளவு, குளுக்கோஸ் அளவு எல்லாம் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசித் தொட்டியில் மட்டும் இரண்டு வாரம். அதற்குள் ஒரே ஒரு பாக்டீரியா உள்ளே நுழைந்துவிட்டால் அது செல்களைவிடப் பல மடங்கு வேகத்தில் பெருகும், மொத்தத் தொட்டியும் சாக்கடைக்குத்தான். போகிற பணம் லட்சக்கணக்கான டாலர்.

அதனால்தான் கவுனிங். கிளீன் ரூமுக்குள் போகும் முன் உடை மாற்றும் அறையில் நடுவே ஒரு நீளமான பெஞ்ச் போட்டிருப்பார்கள். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலுக்கு உறை மாட்டி, அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் அப்படியே அந்தப் பக்கம் தூக்கிப் போட வேண்டும். அப்புறம் மறு கால். முழு உடுப்பைப் போடும்போது அதன் கையோ காலோ தரையைத் தொடக் கூடாது, அதற்காகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நுழைய ஒரு முறை இருக்கிறது. தலை உறை, முகமூடி, கண்ணாடி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை. எல்லாம் போட்ட பிறகு விரல் நுனிகளையும் உடுப்பின் பல இடங்களையும் ஊட்டக்கூழ் தட்டில் ஒற்றி எடுத்து வளர விடுவார்கள். ஏதாவது முளைத்தால் நீங்கள் தேறவில்லை. இப்படி அடுத்தடுத்து மூன்று தடவை தேறினால்தான் உள்ளே வேலை செய்ய அனுமதி.

நம் பெண்கள் கேட்கத் தயங்கும் விஷயம் ஒன்று. பவுடர், கண்மை, பொட்டு, வளையல், மூக்குத்தி, மெட்டி எதுவும் உள்ளே போக முடியாது. துகள் உதிரும் என்பதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. தாலி விஷயத்தில் ஆலைக்கு ஆலை வேறுபடும். சில இடங்களில் உடுப்புக்குள் மறைந்திருந்தால் விடுவார்கள், சில இடங்களில் லாக்கரில்தான் வைக்க வேண்டும். வேலையை ஏற்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, திருமண மோதிரத்தைப் பற்றி அமெரிக்கர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

இன்னொன்று, பேட்ச் ரெக்கார்டு, அதாவது ஒவ்வொரு தடவை மருந்து செய்யும்போதும் எழுதிவைக்கும் பதிவேடு. செய்த ஒவ்வொரு வேலையும், செய்த நிமிஷத்திலேயே, பேனாவால் எழுதப்பட வேண்டும், அல்லது கணினியில் பதிவாக வேண்டும். எழுதியதில் தப்பு வந்தால் கிறுக்கி மறைக்கக் கூடாது. கீழே இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், உங்கள் சுருக்கக் கையெழுத்து, தேதி. "எழுதாதது நடக்கவில்லை" என்பது இந்தத் தொழிலின் தாரக மந்திரம். மருந்துகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வாளர் வந்து நின்றால் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான். இதெல்லாம் சேர்ந்ததுதான் ஜி.எம்.பி. எனப்படும் நல்ல உற்பத்தி நடைமுறை. நம் எம்.எஸ்சி.யில் இதற்கு ஒரு அத்தியாயம்கூட ஒழுங்காக இருப்பதில்லை. பயோவொர்க் ஒரு செமஸ்டர் முழுக்க இதைத்தான் பழக்குகிறது. அதோடு இந்த ஊர் ஆங்கிலம், இந்த ஊர் நேர்முகத் தேர்வு, நாலைந்து வருஷ இடைவெளிக்குப் பிறகு திரும்ப ஒரு வேலை மேசையில் நிற்கும் தைரியம், இவையும் கூடவே வந்துவிடும்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி இன்னும் மணிக்கு 7.25 டாலர்தான். ஆலையில் புதிதாகச் சேரும் டெக்னீஷியனுக்கே மணிக்கு 20 டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ கிடைக்கும், மருத்துவக் காப்பீடு தனி. ஆனால் ஷிப்ட் கடினம். 12 மணி நேரம், இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் விடுப்பு, மூன்று நாள் வேலை என்று சுழலும். ஒன்றுவிட்ட வாரக் கடைசியில் வேலை இருக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் கணவரோடு உட்கார்ந்து பேசாமல் ஏற்காதீர்கள். எம்.எஸ்சி. இருப்பதால் உங்களுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகமும் ஒரு வழி. அங்கே பெரும்பாலும் பகல் வேலை. ஆலையின் தண்ணீர், காற்று, மருந்து மாதிரிகளைச் சோதிப்பார்கள். இன்னொரு வழி, டர்ஹாம் டெக்கில் உள்ள கிளினிக்கல் டிரையல்ஸ் படிப்பு. நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கும் ஆய்வுகளை ஒருங்கிணைக்கிற வேலை அது. உலகத்தின் மிகப் பெரிய மருந்தாய்வு நிறுவனங்களில் ஒன்றான ஐக்யுவியாவின் தலைமையகம் டர்ஹாம்தான், டியூக் மருத்துவமனையும் பக்கத்தில். அந்தப் படிப்பு இங்கே பிறந்ததில் ஆச்சரியமில்லை.

எந்தெந்த மருந்துக் கம்பெனிகள் இங்கே இருக்கின்றன? டர்ஹாமின் வடக்கே மெர்க் தடுப்பூசி செய்கிறது. ஆர்.டி.பி.யில் பயோஜென், லில்லி. டர்ஹாமிலும் தென்கிழக்கே கிளேட்டனிலும் நோவோ நோர்டிஸ்க். கிளேட்டனில் 410 கோடி டாலருக்கு விரிவாக்கம் செய்வதாக 2024-இல் அறிவித்தார்கள். இதே வட்டாரத்து ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊரில் ஃபியூஜிஃபில்ம், ஆம்ஜென். சின்னக் கம்பெனிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஹியூமசைட். மனித செல்களை வைத்து ரத்தக் குழாயை வளர்த்து, அப்புறம் செல்களைக் கழுவி எடுத்துவிட்டு, மிச்சம் நிற்கும் சட்டகத்தை யாருக்கு வேண்டுமானாலும் பொருத்தலாம் என்று செய்கிறார்கள். 2004-இல் தொடங்கிய கம்பெனிக்கு 2024 டிசம்பரில்தான் எஃப்.டி.ஏ. அனுமதி. இருபது வருஷம். பயோடெக் என்றால் சீக்கிரம் பணம் என்று நினைத்து வருபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இப்போது டவுன்டவுன். ஆர்.டி.பி.யைத் திட்டமிட்டவர்கள் ஒரு விஷயத்தைக் கோட்டை விட்டார்கள். பார்க்குக்குள் வீடு கூடாது, கடை கூடாது என்று அப்போது வைத்தார்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் மரக்கூட்டத்துக்குள் தனித்தனியாக, சாப்பாடு கம்பெனி கேன்டீனில், வேலை முடிந்தால் காரில் ஏறி வீட்டுக்கு. பக்கத்துக் கம்பெனிக்காரரைச் சந்திக்க ஒரு டீக்கடைகூட இருந்ததில்லை. இளம் விஞ்ஞானிகளுக்கு இது பிடிக்கவில்லை. 2004-இல் பழைய அமெரிக்கன் டொபாக்கோ ஆலையைச் செப்பனிட்டு அலுவலகமும் உணவகமுமாகத் திறந்தபோது, கூட்டம் மெல்ல ஊருக்குள் திரும்ப ஆரம்பித்தது. லக்கி ஸ்ட்ரைக் என்று சிகரெட்டின் பெயர் எழுதிய புகைபோக்கியும் தண்ணீர்த் தொட்டியும் அப்படியே நிற்கின்றன. பக்கத்தில் பேஸ்பால் மைதானம், 2008-இல் வந்த பெரிய நாடக அரங்கம். செஸ்டர்ஃபீல்ட் சிகரெட் செய்த கட்டடத்துக்குள் இன்று ஆய்வகங்கள். ஒரு மேசை, ஒரு ஃபிரிட்ஜ் அளவு இடத்தை மாத வாடகைக்கு எடுத்துக் கம்பெனி தொடங்கும் வசதியும் அங்கே இருக்கிறது. ஆர்.டி.பி.க்காரர்களும் தப்பைத் திருத்திக்கொண்டு, 2021-இல் கப்பல் கன்டெய்னர்களை அடுக்கி பாக்ஸ்யார்டு என்ற சாப்பாட்டு வளாகத்தைத் திறந்தார்கள்.

உணவகங்கள் ஆய்வகங்களுக்குப் பின்னால் வந்தன என்று சொல்வார்கள். என் கணிப்பு வேறு. பாதி இடத்தில் சமையல்காரர்கள்தான் முதலில் துணிந்தார்கள். 2008-இலேயே போன் அபெதீ என்ற சமையல் பத்திரிகை டர்ஹாமையும் சேப்பல் ஹில்லையும் சேர்த்து, நாட்டிலேயே சாப்பாட்டு ருசி மிகுந்த சிறு நகரம் என்று எழுதியது. வாடகை அப்போது மலிவு, சுற்றி நல்ல பண்ணைகள், சனிக்கிழமை உழவர் சந்தை. 2012-இல் மாட்டேயோ என்ற ஸ்பானிய உணவகம், டோரோ என்ற விறகடுப்புப் பீட்சா கடை எல்லாம் வந்தன. அதே வருஷம் ரிக்கி மூர் என்பவர் டவுன்டவுனின் ஓரத்தில், உள்ளே உட்கார இடமே இல்லாத ஒரு குட்டிக் கடையில் சால்ட்பாக்ஸ் என்ற மீன் கடையைப் போட்டார். ராணுவத்தில் சமையல் பழகியவர், கடலோர நியூ பெர்னில் வளர்ந்தவர். அன்றைக்குக் கரோலினாக் கடலில் என்ன மீன் வந்ததோ அதுதான் பலகையில் எழுதியிருக்கும். 2022-இல் அவருக்குத் தென்கிழக்குப் பகுதியின் சிறந்த சமையல்காரர் என்று, அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. ஒரு பொரித்த மீன் கடைக்கு அந்த விருது! ஊரே கொண்டாடியது. இப்போதைய மேயர் கதையும் இப்படித்தான்: ஆசிரியராக இருந்த லியனார்டோ வில்லியம்ஸ் மனைவியோடு சேர்ந்து ஜிம்பாப்வே உணவகம் தொடங்கினார், 2023-இல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நீங்கள் சைவமாக இருந்தாலும் டவுன்டவுனில் பட்டினி கிடக்க வேண்டாம். டோரோ மாதிரி பீட்சா கடைகளிலும், டாப்பாஸ் என்ற ஸ்பானியச் சிறு தட்டுக் கடைகளிலும் காய்கறித் தட்டுகள், பிரிட்டிஷ் பாணி இந்தியச் சாப்பாட்டுக்கு வைஸ்ராய் என்ற கடை. ஆனால் இட்லி தோசைக்கு டவுன்டவுன் வராதீர்கள். அதற்கு மாரிஸ்வில், கேரி. ஆர்.டி.பி.க்குத் தெற்கே இருக்கும் இந்த இரண்டு ஊர்களில்தான் நம்மவர்கள் அதிகம். மளிகைக் கடை, தென்னிந்திய உணவகம், கேரியில் வேங்கடேசுவரர் கோயில், மாரிஸ்வில்லில் கிரிக்கெட் மைதானம் எல்லாம் உண்டு. வெளியூர் உணவகப் பட்டியலை நம்பிப் பழைய கடையைத் தேடிப் போகாதீர்கள். வாடகை ஏறிவிட்டது, கடைகள் மூடுவதும் இடம் மாறுவதும் அடிக்கடி நடக்கிறது. போகும் முன் போன் செய்துகொள்ளுங்கள்.

இந்த ஊரில் யார் எந்த மேசையில் உட்காரலாம் என்பது லேசான விஷயமாக இருந்ததில்லை, அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். பாரிஷ் தெருவைக் கறுப்பர்களின் வால் ஸ்ட்ரீட் என்பார்கள். 1898-இல் தொடங்கிய நார்த் கரோலினா மியூச்சுவல் என்ற கறுப்பினத்தவரின் காப்பீட்டுக் கம்பெனி அங்கே கோலோச்சியது. ஆனால் ஐஸ்கிரீம் கடையில் அவர்களுக்குத் தனிப் பகுதி. 1957 ஜூன் 23 அன்று டக்ளஸ் மூர் என்ற பாதிரியாரின் தலைமையில் ஏழு பேர் ராயல் ஐஸ்கிரீம் கடையின் வெள்ளையர் பகுதியில் போய் உட்கார்ந்தார்கள். கைது, அபராதம். இந்த ஒதுக்கலை எதிர்த்து இதே மாநிலத்தில் நடந்த, இங்கே எல்லாரும் வரலாற்றில் படிக்கும் கிரீன்ஸ்பரோ உள்ளிருப்புப் போராட்டத்துக்கு இரண்டரை வருஷத்துக்கு முன்பே நடந்தது இது. அடுத்த பத்து இருபது வருஷத்தில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் ஹேட்டி என்ற கறுப்பினப் பகுதியை நெடுஞ்சாலை பிளந்தது. வீடுகள் ஆயிரக்கணக்கில் போயின, கடைகள் நூற்றுக்கணக்கில் போயின. இன்று ஆர்.டி.பி.க்கும் டவுன்டவுனுக்கும் இடையில் நாம் சொகுசாகக் கார் ஓட்டும் 147-ஆம் நெடுஞ்சாலை அதுதான்.

அதனால்தான் கம்யூனிட்டி காலேஜ் விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை. சிகரெட் ஆலையில் இலை உதிர்த்தவரின் பேத்தி, ஊரிலேயே வரும் ஆய்வகத்தில் வேலைக்குப் போக முடியாமல், அதன் வாடகை ஏற்றத்தை மட்டும் சுமக்க வேண்டும் என்றால் அது அநியாயம். 2022 நவம்பரில் டர்ஹாம் கவுன்டி (மாவட்டம்) மக்கள் வாக்களித்து, டர்ஹாம் டெக்குக்குக் கட்டடம் கட்ட 11 கோடி டாலருக்கு மேல் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். தங்கள் சொத்து வரி ஏறும் என்று தெரிந்தே போட்ட ஓட்டு. பயிற்சிக் கட்டடத்துக்கு நோவோ நோர்டிஸ்க்கும் பணம் தந்தது. இது போதுமா என்றால் போதாது. வகுப்புக்கு வரப் பேருந்து, பிள்ளையை விட இடம், படிக்கும் மாதங்களில் வீட்டு வாடகை, இவை இல்லாமல் பாதியில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனிகள் அதற்கும் கை கொடுக்க வேண்டும்.

நிலைமை எப்போதும் வெயிலடிக்கும் என்றும் நினைக்காதீர்கள். 2022-க்குப் பிறகு சின்னக் கம்பெனிகளுக்கு முதலீடு வறண்டது. 2025-இல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி குறைந்ததில் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் ஆட்களைக் குறைத்தன. அதே வருஷம் நோவோ நோர்டிஸ்க் உலகம் முழுக்க 9,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. இன்னொரு பக்கம், ஜெனன்டெக் ஹாலி ஸ்பிரிங்ஸில் 70 கோடி டாலருக்கு ஆலை என்றது, பயோஜென் இங்குள்ள ஆலைகளில் 200 கோடி டாலர் போடுவதாகச் சொன்னது. இரண்டும் ஒரே வட்டாரத்தில், ஒரே வருஷத்தில். நான் பார்த்தவரை, ஒரு ஆலையில் வேலை போன டெக்னீஷியன் இன்னொரு ஆலைக்குப் போய்விடுகிறார், ஏனென்றால் கவுனிங்கும் பேட்ச் ரெக்கார்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆராய்ச்சிப் பிரிவில் வேலை போனவர்களுக்குத்தான் அதிக நாள் ஆகிறது.

உங்களுக்கு முதல் தடை படிப்பில் இல்லை, விசாவில். கணவருக்கு எச்-1பி வேலை விசா என்றால் உங்களுக்கு எச்-4. அதில் படிக்கலாம், வேலை செய்ய முடியாது. கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்ட பிறகு வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், 2015-இல் வந்த விதி அது. அவர் கம்பெனி மாற்றலுக்கான எல்-1 விசாவில் வந்தால் நீங்கள் எல்-2, வந்த நாளிலிருந்தே வேலை செய்யலாம். விதிகள் மாறக்கூடியவை, வரும் நேரத்தில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். எச்-4 என்றாலும் காத்திருக்கும் காலத்தை வீணாக்காதீர்கள். முதல் மாதத்திலேயே எம்.எஸ்சி. சான்றிதழை அமெரிக்க மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், அதற்குப் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல் முத்திரையிட்ட உறையில் வேண்டும், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். வேலை அனுமதி வரும் செமஸ்டரைக் கணக்கிட்டு பயோவொர்க்கில் சேருங்கள். முடித்த கையோடு விண்ணப்பித்தால்தான் அதற்கு மதிப்பு. முதல் வேலை பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனம் மூலம் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று வரும். அதைத் தட்டாதீர்கள், நிரந்தரம் ஆனவர்களில் நிறையப் பேர் அப்படித்தான் நுழைந்தார்கள்.

எங்கே படிப்பது என்பது எங்கே வீடு எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டர்ஹாமுக்குள் என்றால் டர்ஹாம் டெக். மாரிஸ்வில், கேரி என்றால் வேக் டெக் பக்கம், அங்கேயும் பயோவொர்க் இருக்கிறது. கிளேட்டன் பக்கம் என்றால் ஜான்ஸ்டன் கம்யூனிட்டி காலேஜ். எந்த ஊராக இருந்தாலும் வந்த உடனே கார் ஓட்டப் பழகி உரிமம் எடுத்துவிடுங்கள். ஆலைகள் பெரும்பாலும் பேருந்து போகாத இடத்தில் இருக்கின்றன, இரவு ஷிப்ட் காலை 7 மணிக்குத்தான் முடியும், அந்த நேரத்தில் கணவர் தன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்.